ரிவேர்ஸில் ஏறிய மேடு

வனராஜா தாண்டி ஒரு சின்ன ஏற்றத்தில்
வேன் நின்றுவிட்டது.
நின்றது என்றால் இன்ஜின் நிற்கவில்லை,
அது பாட்டுக்கு உறுமுகிறது;
சக்கரத்துக்கும் அதற்கும்தான் பேச்சுவார்த்தை இல்லை.
டி-யில் போட்டேன். எல்-லில் போட்டேன்.
உள்ளே பதினொரு பிள்ளைகள்,
கீழே காசல்ரீ தண்ணீர்மேல் மழை,
நேரம் மூன்றே கால்.

ஆர்-இல் போட்டபோது மட்டும்
யாரோ முதுகில் தட்டினதுபோல் அசைந்தது.

வந்த வழிதான் டிக்கோயா.
டிக்கோயாவில்தான் நிஸ்தார் கராஜ்.
ரெண்டு கட்டை தூரம்
கழுத்தைத் திருகிக்கொண்டு
இறங்கிவந்த மேட்டை முதுகால் ஏறினேன்.
டிலுக்சன் பின்சீட்டில் முழங்காலிட்டு
"வலது அக்கா, இன்னும் வலது, மாடு, மாடு!" என்று
கண்டக்டர் வேலை பார்த்தான்.
எதிரே வந்த பொகவந்தலாவ பஸ்,
எதிரேயா பின்னாலேயா, அன்றைக்கு எனக்கு ரெண்டும் ஒன்று,
ஹோர்ன் அடிக்க மறந்து ஒதுங்கி நின்றது.

நிஸ்தார் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தார்.
"கருகிட்டு தங்கச்சி."
பெக்டரியில் ட்ரையர் பக்கம் ஒன்பது வருடம் நின்றவள்,
எனக்கு மூக்கு முன்னமே சொல்லியிருந்தது.

அடுத்த நாளே ஆளுக்கு ஆள் புத்தி:
மெனுவலுக்கு மாத்திரு ஜெசிந்தா,
மலைக்கு ஒட்டோ சரிவராது.
மைத்துனன் சொன்னான், லீசிங்காரன் சொன்னான்,
பால் எடுக்க வருகிறவர் கேன் மூடியைத் திருகியபடி சொன்னார்.
கிளட்ச் மிதிக்க ஓர் இடது பாதம் வேண்டும்.
என்னுடையது ரோலர் அறையில் போனது,
அந்த நஷ்டஈட்டில்தான் இந்த வேனே வந்தது.
ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.
அவ்வளவு நன்றாக நடக்கிறேன் போல.

நிஸ்தார் மட்டும் என் சப்பாத்தைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
பஞ்சிகாவத்தைக்குப் போன் போட்டார்.
முழுப் பொக்ஸ் ஒரு லட்சத்து எண்பது,
ஸ்டார்ட் ஆகும்வரைக்கும் கேரண்டி.
"அதுக்குப் பிறகு?" என்றேன்.
"அதுக்குப் பிறகு அல்லாஹ்" என்றார்.
கழற்றிச் செய்வதென்று முடிவானது.
சீட்டை ஏலத்தில் எடுத்தேன், தள்ளுபடி பன்னிரண்டாயிரம்,
வயிறு எரிந்தது.

வீரகேசரியை விரித்து
கிளட்ச் தட்டுகளை வரிசையாக அடுக்கினார்.
தேர்தல் செய்திமேல் ஒன்று, மரண அறிவித்தல்மேல் மூன்று,
விளிம்பெல்லாம் அடிப்பிடித்த ரொட்டி.
வால்வ் பொடியைத் திறந்தால்
எறும்புப்புற்றை நெடுக்காக வெட்டினாற்போல் வழிகள்.
இந்தச் சந்துபொந்துக்குள் ஒயில் ஓடி
எப்போது ரெண்டு, எப்போது மூன்று என்று
தானே தீர்மானிக்குமாம்.
என்னைக் கேட்டு ஒருநாளும் அது மாற்றினதில்லை.

ஏழு இரும்புக்குண்டுகள் இருக்கவேண்டும்.
ஆறுதான் இருந்தன.
பிஸ்கட் டின் மூடியில் எண்ணினோம், மறுபடி எண்ணினோம்.
நிலத்தைக் கூட்டினோம். கரண்ட் போனது.
போன் வெளிச்சத்தில் பெஞ்சுக்கடியில் நானும் தவழ்ந்தேன்.
மூன்றாம் நாள் ஒயில் தட்டைக் கழுவும்போது
அதன் காந்தத்தில்,
கறுத்த சேற்றுக்குள் ஒரு வீக்கம்.
தொலையவில்லை, ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.
நிஸ்தார் அதை வாய்க்கு நேரே பிடித்து ஊதினார்.

பதினான்காம் நாள் வேன் முன்னால் போனது.
அவ்வளவுதான், முன்னால் போனது.
ரெண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகையில்
இன்னும் ஒரு விக்கல்.
"ஆயிரம் கிலோமீற்றர் ஓடட்டும், அடங்கும்.
அடங்காட்டியும் ஓடும்" என்றார்.
மிச்சக் காசுக்கு மாதம் நாலாயிரம் என்று
சுவர் கலண்டரில் என் பெயரை எழுதிக்கொண்டார்,
ஜெசிந்தாவுக்கு ஒரு கொம்பு கூட.

இப்போது வனராஜா தாண்டியதும்
பதினொரு தலையும் ஒரேயடியாக முன்னால் குனிந்து நிமிர்கின்றன.
சிலநேரம் விக்கல் வராமலே
பிள்ளைகள் குனிந்துவிடுகிறார்கள்.
டிலுக்சன் மட்டும் திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்க்கிறான்:
"அக்கா, இன்னொருக்கா அப்பிடிப் போவமா?"